கந்தல் துணி பேசியது!

கந்தல் துணி எதற்கு உதவும்? அடுப்பில் இருந்து பானையை இறக்க உதவும். தரை துடைக்க உதவும்.

சிலி நாட்டில் அது வேறு வேலையும் செய்தது. ஒரு கொடுங்கோல் ஆட்சியின் அக்கிரமத்தை உலகத்துக்குச் சொன்னது. பசித்த பிள்ளைகளுக்குச் சோறும் போட்டது!

சிலி, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் நீண்டு கிடக்கும் நாடு. தலைநகர் சாண்டியாகோ. 1973-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தளபதி பினோசே சர்வாதிகாரி ஆனார்.

ஆளைக் காணோம்!

வேலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. ராணுவம் பிடித்துப்போன மகன் திரும்பவில்லை. சிறைச்சாலை, ஆஸ்பத்திரி, பிணக்கிடங்கு என்று பெண்கள் அலைந்தார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள்.

யாரையும் விசாரணை இல்லாமல் பிடித்து அடைக்கக் கூடாது. இது மனித உரிமை. 1948-ல் ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்த உரிமை. ஆனால் சிலியில் அதை வாய் விட்டுச் சொல்ல முடியவில்லை. பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு! சம்பாதிக்கும் ஆண் போய்விட்டதால், வீட்டில் அடுப்பும் எரியவில்லை.

சாக்கில் சித்திரம்

கிறிஸ்தவ சபைகள் இந்தப் பெண்களுக்குக் கை கொடுத்தன. 1974-ல் தையல் வேலை தொடங்கியது. 1976 முதல் கார்டினல் சில்வா என்ரிக்கஸ் அமைத்த உதவி நிலையம் அதை வளர்த்தது.

சாக்குத் துணிதான் அடித்தளம். அதன் மேல் பழைய சட்டை, பாவாடைத் துண்டுகளை வெட்டித் தைத்தார்கள். வீடு, மரம், மனிதர் எல்லாம் துணியிலேயே உருவாயின. பின்னால் ஆண்டிஸ் மலை. சிலர், காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தார்கள்!

சிறை வாசலில் நிற்கும் தாய்மார்கள், ஏழைகள் கூடிச் சமைக்கும் பொதுப் பானை, "எங்கே அவர்கள்?" என்று கேட்கும் பெண்கள். இவைதான் காட்சிகள். சில படங்களின் பின்புறம் சிறு பை இருக்கும். அதற்குள் கதையைச் சொல்லும் துண்டுக் கடிதம்!

கடல் கடந்தது

பெண்கள் கைவேலைதானே என்று முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. உதவி நிலையம் படங்களை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் விற்பனை ஆயின. வாங்கியவர்கள் சிலியின் துயரத்தை அறிந்தார்கள். பணம் தைத்தவர்களுக்குப் போயிற்று. அரிசி, பருப்பு வாங்க வழி பிறந்தது.

பிறகுதான் ஆட்சியாளர்கள் விழித்தார்கள். நாட்டின் பெயரைக் கெடுக்கும் வேலை என்று அரசின் ஆதரவுப் பத்திரிகைகள் தூற்றின. சோதனைக்கு ஆள் வந்தால் ஆபத்து. பெண்கள் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

1988-ல் நடந்த வாக்கெடுப்பில் பினோசே தோற்றார். 1990-ல் மக்களாட்சி திரும்பியது. அவர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் 3,000 பேருக்கு மேல் என்று அரசு விசாரணைகள் கண்டன. அவர்களில் 1,000 பேருக்கு மேற்பட்டவர்களின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

2010-ல் சாண்டியாகோவில் ஒரு நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்தச் சாக்குச் சித்திரங்கள் அங்கே இருக்கின்றன. கல்லறை கூட இல்லாத மகனுக்கு, தாய் தைத்த அந்தக் கந்தல் துணியே நினைவுச் சின்னம்!