வாரத் தவணைக்குப் பழுக்காத தேன்

"குழுக்கடன் வாங்கினால் காட்டுக்கு என்ன கெடுதல்?" என்று அட்டுவம்பட்டியில் ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. கடனால் கெடுதல் இல்லை, தவணையால்தான்.

பழனிமலைப் பளியர் குடும்பங்களுக்குத் தேன், கடுக்காய் வருமானம் பருவத்தில்தான் வரும். தவணையோ வாராவாரம் வரும். திங்கட்கிழமை பணம் கட்ட வேண்டுமென்றால் பழுக்காத அடையிலும் கை வைக்கத் தோன்றும். மெழுகு மூடாத தேனில் தண்ணீர் அதிகம். சீக்கிரம் புளித்துவிடும், வியாபாரியும் விலையைக் குறைப்பார். புழு உள்ள பகுதியையும் சேர்த்து அறுத்தால் வளரும் தேனீக்கள் அத்தனையும் போச்சு. (கடன் வாங்கிப் பூண்டுக்கு மருந்தாக அடித்துத் தள்ளுவது தனிக்கதை. அதை இன்னொரு இதழில் பேசுவோம்.)

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வருட வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் நுண்கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தவணை இடைவெளியை வாங்குபவர் தேவைக்கேற்ப அமைக்கவும் வழி வைத்திருக்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கையெழுத்துப் போடும் முன்பே, "தேன் பருவம் முடிந்து கட்டுகிறோம்" என்று குழுவாகக் கேளுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி உரிமைப் பத்திரம் பெற்றவர்கள் அதன் நகலையும் எடுத்துப் போங்கள்.