தரைக்கும் உண்டு தேய்மானம்

வணிகவியல் பயில்வோர் முதலாண்டிலேயே கற்கும் சொற்களுள் ஒன்று தேய்மானம். பயன்பாட்டினால் ஒரு சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கேட்டில் பதியும் முறை அது. வீட்டின் தரைக்கோ இச்சொல் நேர்ப்பொருளிலேயே பொருந்தும். தரை உண்மையாகவே தேய்கிறது. அது நடப்பதனால் தேய்வதைக் காட்டிலும், தவறாகத் துடைப்பதனால் தேய்வதே பல இல்லங்களில் மிகுதி.

வீட்டுக்கடன் பெற்று வீடு கட்டும்போது தரைக்கல்லுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறோம். சதுர அடிக்கு ஐந்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறோம். குடிபுகுந்த பின்னரோ, அதனை எதனைக் கொண்டு துடைப்பது என்று எவரும் கேட்பதில்லை. எல்லா அறைக்கும் ஒரே வாளி, ஒரே புட்டி. தரை எதனால் ஆனது என்பதை அறிந்து அதற்கேற்பத் தூய்மை செய்தால், பல்லாயிரம் ரூபாய்ச் செலவைத் தவிர்க்கலாம்.

நுரைப்பது அழுக்கன்று

மக்ரானா முதலிய பளிங்குக் கற்கள், ராஜஸ்தானின் கோட்டா கல், ஆந்திரத்தின் கடப்பைக் கல் ஆகியவை நிறத்தில் வேறுபட்டாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புச் சத்து. இதன் மீது அமிலம் பட்டால் நுரை பொங்கும். அழுக்கு கரைகிறது என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் கரைவது கல்லேயாகும். அமிலத்துடன் வினைபுரிந்து கரியமில வாயு வெளியேறுவதையே நுரையாகக் காண்கிறோம். அவ்விடத்தில் பளபளப்பு மறைந்து, வெளிறிய தழும்பு நிற்கும். அதனை எந்தத் துணியாலும் துடைத்து நீக்க இயலாது. இயந்திரம் கொண்டு மறுபடி மெருகேற்றுவதே வழி.

எத்தனையோ ரயில் நிலைய நடைமேடைகளில் பல்லாயிரம் கால்களைத் தாங்கும் கோட்டா கல்லும் அமிலத்தின் முன் இவ்வாறே தோற்கும். கழிப்பறைக்கென விற்கப்படும் ஆசிட் மட்டுமன்றி, சமையலறையின் எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வினிகர் ஆகியவையும் அமிலங்களே. இவை சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும். அன்றாடத் தூய்மைக்கு வெதுவெதுப்பான நீரும், கல்தரைக்கென விற்கப்படும் காரமோ அமிலமோ அற்ற திரவமும் போதும்.

தாஜ்மகாலின் பளிங்கில் படிந்த மஞ்சள் நிறத்தை அகற்ற, இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 1994ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது கையாண்டு வருவது முல்தானி மிட்டி எனும் களிமண் பூச்சையே. ஈரக்களிமண் உலரும்போது கறையைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. இதே தத்துவத்தை நம் வீட்டிலும் பயன்படுத்தலாம். பளிங்கில் எண்ணெய்க் கறை இறங்கிவிட்டால், சமையல் சோடாவை நீரில் கெட்டியாகக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விட வேண்டும். பின்னர்த் தாளை நீக்கி நன்கு உலரவிட்டு, மரக்கரண்டியால் வழித்தெடுக்கலாம். ஆழ்ந்த கறைக்கு இதனை இரண்டு மூன்று முறை செய்ய நேரும்.

சிமெண்டுத் தரைகள்

பழைய வீடுகளில் காணும் மொசைக் தரை, சிமெண்டில் பளிங்குச் சில்லுகளைப் பதித்து இழைத்தது. சிமெண்டு, சில்லு ஆகிய இரண்டையுமே அமிலம் அரிக்கும். பல ஆண்டுகள் பழகி மங்கிய மொசைக்கைப் பெயர்த்தெறிய வேண்டியதில்லை. மேற்பரப்பை இயந்திரத்தால் இழைத்து மெருகிட்டால் புதுப்பொலிவு பெறும். இச்செலவு, பழையதைப் பெயர்த்துப் புதிய தரை பதிப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு.

சிவப்பு ஆக்சைடு தரையும் செட்டிநாட்டின் ஆத்தங்குடிக் கற்களும் இவ்வினத்தவையே. துணியில் சிறிதளவு தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லியதாகத் தேய்ப்பது இவற்றுக்கு வழிவழியாக வந்த பராமரிப்பு. மிகுதி எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தெடுக்காவிடில் தரை வழுக்கும், தூசியும் ஒட்டும்.

கிரானைட், டைல்ஸ், மரம்

கிரானைட் கடினமானது, எலுமிச்சைக்கும் வினிகருக்கும் எளிதில் அஞ்சாது. ஆயினும் அதன் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கக்கூடும். சில சொட்டு நீரைத் தெளித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அவ்விடம் கருத்தால், துளைகளை அடைக்கும் பூச்சு தேவை என்று பொருள்.

விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காட்டிற்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். ஆகவே கறை எளிதில் பிடிக்காது. அதன் நலிந்த இடம் கற்களுக்கிடையே உள்ள இணைப்பு. அங்குப் பூசப்பட்டிருப்பது பெரும்பாலும் சிமெண்டுக் கலவை. ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் தப்பும். இணைப்பு அரிக்கப்பட்டு, அதன் வழியே நீர் கீழிறங்கும். இணைப்புகளை மென்மையான தூரிகையும் சோப்பு நீரும் கொண்டு தேய்ப்பதே முறை.

மரத்தரை, மரத்தோற்றமுடைய லேமினேட் தரை ஆகியவற்றுக்கு நீரே பகை. நன்கு பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்துணியாலும் ஒற்றி எடுக்க வேண்டும்.

மணலும் நீரும்

எவ்வகைத் தரைக்கும் பொதுவான எதிரி மணல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் பளிங்கு 3. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. பெருக்காமல் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். வாயிலில் ஒரு நல்ல கால்மிதி இடுவதும், துடைக்குமுன் நன்கு பெருக்குவதும் செலவற்ற காப்பீடுகள். துடைக்கும் நீரையும் அறைக்கு அறை மாற்றுதல் நன்று. சோப்புக் கலந்த நீரால் துடைத்தபின் தூய நீரால் ஒருமுறை துடையுங்கள். எஞ்சிய சோப்புப் படலமே முதியோரை வழுக்கி விழச் செய்வது.

இன்னொன்றை வீட்டுப் பணியாளர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் எழுவது குளோரின் எனும் நச்சுவாயு. காற்றோட்டமற்ற குளியலறையில் அது உயிருக்கே ஊறு செய்யும்.

வீடு கட்டுவோர், பதித்தது போக எஞ்சும் டைல்ஸில் ஒரு பெட்டியையேனும், விலைப்பட்டியலுடனும் தயாரிப்புத் தொகுதி எண்ணுடனும் எடுத்து வைத்தல் நலம். ஒரே பெயருடைய டைல்ஸும் தொகுதிக்குத் தொகுதி சாயல் மாறும். பத்தாண்டுகளுக்குப் பின் ஒரு கல் உடைந்தால், அறை முழுவதையும் மாற்றும் செலவிலிருந்து அந்த ஒரு பெட்டி உங்களைக் காக்கும்.