பிஸ்டலை மாத்தினா ஸ்கோர் ஏறுமா? 9 எம்.எம். முதல் .22 வரை ஒரு கணக்கு

(ஒலிவடிவத்தைப் படிக்கிற மாதிரி சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடு ஒரு போன் காலில் ஆரம்பிச்சது. எங்க ஊர் முகையூர் பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் பேசினாரு. அவர் பொண்ணு சென்னையில ஹாஸ்டல்ல தங்கி எம்.எஸ்சி. படிக்குது. காலேஜ்ல என்.சி.சி.யில ரைஃபிள் பிடிச்சுப் பழகி, அப்புறம் ஒரு கிளப்ல சேர்ந்து இப்போ 25 மீட்டர் பிஸ்டல் சுடுது. கிளப்போட .22 பிஸ்டல்தான். 30 தோட்டா சுட்டா 250 புள்ளிக்குப் பக்கத்துலயே ஸ்கோர் நிக்குது, ஏற மாட்டேங்குது. யாரோ ஒருத்தர், "இந்த பிஸ்டல் பழசு, துல்லியம் பத்தாது. வெளிநாட்டுல இருந்து புதுசு எடுத்தா 20 புள்ளி ஏறிடும்"னு சொல்லியிருக்காரு.

அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, நீ இன்ஜினியர். மல்லாட்டை வித்த காசு கொஞ்சம் இருக்கு. மீதிக்கு அண்ணியோட நகையை வைக்கலாம்னு இருக்கேன். வாங்கினா ஸ்கோர் ஏறுமா, ஏறாதா?"

நான் அன்னைக்கே பதில் சொல்லல. ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரம் படிச்சது, கோச்சுங்க கிட்ட பேசினது, ரேஞ்சுல நின்னு பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்த எபிசோடு.

"துல்லியம்"னு சொல்றப்போ எதைச் சொல்றோம்?

அஜித் 2021-ல சென்னையிலயும் 2022-ல திருச்சியிலயும் மாநிலப் போட்டியில பதக்கம் வாங்கினப்போ, நம்ம பசங்க பாதிப் பேர் கேட்டது "தல எந்த துப்பாக்கி வச்சிருக்காரு?"ன்னுதான். கேமரா வாங்குறப்போ, பேட் வாங்குறப்போ கேக்குற அதே கேள்வி. அதுக்குள்ள ரெண்டு வேற விஷயம் ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு, பிஸ்டலை ஒரு ஸ்டாண்டுல இறுக்கிக் கட்டிட்டு சுட்டா தோட்டாக்கள் எவ்வளவு நெருக்கமா விழும்ங்கிறது. இது இயந்திரத்தோட துல்லியம். இன்னொண்ணு, அதே பிஸ்டலை ஒரு மனுஷன் கையில குடுத்தா எவ்வளவு நெருக்கமா விழும்ங்கிறது. பிடி, எடை, ட்ரிக்கர், உதைப்பு எல்லாம் இதுல வந்துடும். இதைத்தான் கையாளுமைன்னு சொல்றோம். விளம்பரத்துல போடுறது முதல் எண். போட்டியில ஸ்கோர் போர்டுல வர்றது ரெண்டாவது எண்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அஞ்சு தோட்டாவும் ஒரே இடத்துல கொத்தா விழுந்து, ஆனா நடுவுல இருந்து தள்ளி இருந்தா கவலையே வேண்டாம். சைட் திருகை ரெண்டு கிளிக் திருப்பினா கொத்து நடுவுக்கு வந்துடும். சிதறி விழுந்தாத்தான் பிரச்சினை. சிதறலுக்குத் திருகு கிடையாது.

மூணு பிஸ்டல், மூணு வேலை

இப்போ மூணு வகையைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

முதல்ல நம்ம ராணுவமும் போலீஸும் பல வருஷமா வச்சிருக்கிற 9 எம்.எம். 1ஏ. மேற்கு வங்கத்துல இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில செய்றது. மூலம் பிரௌனிங் ஹை-பவர். ஜான் பிரௌனிங் ஆரம்பிச்சு, அவர் 1926-ல இறந்த பிறகு பெல்ஜியத்துல சைவ்ங்கிறவர் முடிச்ச வடிவமைப்பு, 1935-ல வந்தது. முழுக்க எஃகு, கிட்டத்தட்ட 900 கிராம், 13 தோட்டா.

ரெண்டாவது, ஆஸ்திரியாவோட க்ளாக் 17. 1980-களோட ஆரம்பத்துல அந்த நாட்டு ராணுவத்துக்காகச் செஞ்சது. பிளாஸ்டிக் வகைச் சட்டகம், 17 தோட்டா, காலி மேகசினோட 700 கிராமுக்குப் பக்கத்துல. நம்ம என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் கையில பார்த்திருப்பீங்க.

மூணாவது, போட்டிக்குன்னே செய்ற .22 பிஸ்டல். பார்டினி, வால்தர், மோரினின்னு பேர் கேட்டிருப்பீங்க. மேகசின்ல அஞ்சே தோட்டா.

மூணுமே செமி ஆட்டோமேட்டிக்தான். ஒரு தடவை ட்ரிக்கரை இழுத்தா ஒரு தோட்டா போகும். காலிக் கூட்டை வெளிய தள்ளிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏத்திக்கும். ஆனா உள்ள நடக்கிறது வேற வேற.

9 எம்.எம். தோட்டாவுக்கு வேகம் அதிகம், அழுத்தமும் அதிகம். அதனால சுடுற அந்தக் கணத்துல குழலும் மேல இருக்கிற ஸ்லைடும் பூட்டிக்கிட்டு, கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னால போகும். அப்புறம் குழலோட பின்பக்கம் கீழ சாய்ஞ்சு பூட்டு விடும். ஹை-பவர்லயும் க்ளாக்லயும் அடிப்படை இதுதான். அதாவது ஒவ்வொரு தடவையும் குழல் இடம் மாறித் திரும்ப வந்து உக்காரணும். மயிரிழை மாறி உக்காந்தாலும் தோட்டா மாறிப் போகும். "அப்போ இடைவெளியே இல்லாம இறுக்கமா செய்யலாமே?"ன்னு கேட்கலாம். நம்ம வீட்டு மரக்கதவை நினைச்சுக்கோங்க. இழைச்சு இறுக்கமா மாட்டின கதவு ஐப்பசி மழையில ஊறி மூட மாட்டேங்கும். கொஞ்சம் லொடலொடன்னு இருக்கிற கதவு எந்தக் காலத்துலயும் மூடும். சேறு, தூசி, வியர்வை எல்லாத்துக்கும் நடுவுல ஓடணும்ங்கிறதுக்காக ராணுவ பிஸ்டல்ல அந்த லொடலொடப்பைத் தெரிஞ்சேதான் விடுறாங்க.

.22-க்கு அழுத்தம் குறைவு, பூட்டே தேவையில்ல. குழல் சட்டகத்தோட அசையாம நிக்கும். பின்னால இருக்கிற போல்ட் மட்டும் போய்ட்டு வரும். குழல் நகராததால முதல் தோட்டாவுக்கும் அஞ்சாவது தோட்டாவுக்கும் பாதை மாறாது. இயந்திரத் துல்லியத்துல இந்த .22 முன்னால நிக்கிறதுக்குப் பெரிய காரணம் இதுதான்.

ஒரு மில்லிமீட்டர் எங்க போய் முடியும்?

இப்போ கையாளுமைக்கு வருவோம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் ரொம்ப முக்கியம். க்ளாக் 17-ல அது சுமார் 165 மி.மீ. சர்வதேச விதிப்படி 25 மீட்டர் பிஸ்டல்ல 220 மி.மீ. வரைக்கும் இருக்கலாம்.

கணக்கு பள்ளிக்கூட முக்கோணம்தான். முன் சைட் 1 மி.மீ. நகர்ந்து நின்னா, 25 மீட்டர்ல 220 மி.மீ. சைட்டுக்கு 25000-ஐ 220-ஆல வகுக்கணும்: கிட்டத்தட்ட 114 மி.மீ. தப்பும். 165 மி.மீ. சைட்டுக்கு அதே தப்பு 152 மி.மீ. ஆகிடும். இலக்குல 10 புள்ளி வட்டத்தோட விட்டம் 50 மி.மீ.தான். நடுவுல இருந்து 25 மி.மீ. தள்ளினா போச்சு. அதாவது 220 மி.மீ. சைட்லயே கால் மி.மீ.க்கும் குறைவான ஆட்டம் 10-ஐ 9 ஆக்கிடும்.

அடுத்தது ட்ரிக்கர். 25 மீட்டர் பிஸ்டலுக்கு ட்ரிக்கர் எடை குறைஞ்சது 1000 கிராம் இருக்கணும். போட்டிக்கு முன்னால குழலை மேல நோக்கிப் பிடிச்சு, ட்ரிக்கர்ல ஒரு கிலோ எடைக்கல்லை மாட்டித் தூக்கிப் பார்ப்பாங்க. விசை விழுந்துட்டா அந்த பிஸ்டலோட சுட விட மாட்டாங்க. க்ளாக்ல ட்ரிக்கர் இரண்டரை கிலோ அளவுக்கு இருக்கும். கையில இருக்கிற பொருளோட எடை ஒரு கிலோவுக்கும் கீழ, விரல் குடுக்கிற விசை இரண்டரை கிலோ. கடைசி நொடியில விரல் கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளினாலும் மொத்த பிஸ்டலும் கூடவே திரும்பும். இடுப்புல கட்டிக்கிட்டு ஓடுற போலீஸ்காரருக்கு அந்தக் கனமான ட்ரிக்கர் ஒரு பாதுகாப்பு. பேப்பர்ல ஓட்டை போடுற நமக்கு அது எதிரி.

மூணாவது பிடி. 9 எம்.எம்.ல மேகசின் பிடிக்குள்ள ரெண்டு வரிசையா போகுது, அதனால பிடி தடிமனா இருக்கும். சின்னக் கைக்கு விரல் ட்ரிக்கரை எட்டுறதே பாடு. பார்டினி, வால்தர் மாதிரி .22-ல மேகசின் ட்ரிக்கருக்கு முன்னால இருக்கு. அதனால மரப்பிடியை உள்ளங்கைக்கு ஏத்த மாதிரி செதுக்கிக்கலாம், எடையும் முன்பக்கம் சேரும். உதைப்பும் கம்மி. 25 மீட்டர் பெண்கள் பிரிவுல ரெண்டாவது பாதியில இலக்கு 3 நொடிதான் தெரியும். கையை 45 டிகிரி கீழ வச்சிருந்து, அந்த 3 நொடிக்குள்ள தூக்கி ஒரு தோட்டா சுடணும். அந்த நேரத்துல பிடி தானா வந்து அதே இடத்துல உக்காரலைன்னா, எவ்வளவு துல்லியமான குழல் இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஆண்கள் ரேபிட் ஃபயர் இன்னும் மோசம். 4 நொடியில அஞ்சு இலக்கு, அஞ்சு தோட்டா. 2012 லண்டன்ல விஜய் குமார் வெள்ளி வாங்கினது அதுலதான்.

அண்ணனோட கேள்விக்கான கணக்கு

பிஸ்டலோட சிதறலும் கையோட சிதறலும் அப்படியே கூட்டல் ஆகாது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும். நம்ம வசதிக்கு ஒரு உதாரணம் எடுப்போம்.

பழைய பிஸ்டலோட சிதறல் 15 மி.மீ., பொண்ணோட கை சிதறல் 60 மி.மீ.ன்னு வைங்க. 225-ம் 3600-ம் சேர்ந்தா 3825. வர்க்கமூலம் 61.8. இப்போ நகையை வச்சு 8 மி.மீ. சிதறல் உள்ள புது பிஸ்டல் வாங்கறோம். 64-ம் 3600-ம் 3664. வர்க்கமூலம் 60.5. சிதறல்ல வித்தியாசம் வெறும் 1.3 மி.மீ. லட்சக்கணக்குல செலவு.

இதுவே பழைய பிஸ்டலை வச்சுக்கிட்டு, பயிற்சியால கை சிதறலை 60-ல இருந்து 40-க்குக் கொண்டு வந்தா? 225-ம் 1600-ம் 1825. வர்க்கமூலம் 42.7. எட்டாவது வட்டத்துல விழுந்துட்டிருந்த தோட்டா ஒன்பதாவதுக்கு வந்துடும்.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. டேட்டாபேஸ் 600 மில்லி செகண்ட் எடுக்கிறப்போ, 15 மில்லி செகண்ட் எடுக்கிற ஃபங்ஷனைத் திருத்திக்கிட்டு உக்காந்தா ஒண்ணும் ஆகாது.

ஆனா இந்தக் கணக்கை எல்லாருக்கும் பொருத்தாதீங்க. கை சிதறல் 15 மி.மீ.க்கு வந்துட்ட உலகத்தர ஆளுக்கு பிஸ்டலோட 15-ம் 8-ம் பெரிய வித்தியாசம்தான். அவங்க தோட்டாவைக்கூட தயாரிப்பு வரிசை எண் பார்த்து, டெஸ்ட் பண்ணித்தான் வாங்குவாங்க. .22-ல ஒரே கம்பெனி தோட்டாவே ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் இன்னொண்ணுக்கும் மாறும்.

அதே மாதிரி, பிஸ்டல் பழுதாகிற இடத்துல இந்தக் கணக்கு செல்லாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல 2021 ஜூலையில மனு பாக்கரோட ஏர் பிஸ்டல்ல லீவர் உடைஞ்சது. சரி பண்ணிட்டு வர்றதுக்குள்ள நேரம் போச்சு. 575 புள்ளி எடுத்து 12-வது இடம், இறுதிச் சுற்று ரெண்டு புள்ளியில தவறிச்சு. அதே மனு 2024-ல பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கினாங்க, .22-ல சுடுற 25 மீட்டர்ல நாலாவது வந்தாங்க. அதனால என் பார்வையில வரிசை இதுதான்: முதல்ல நம்பகம், அடுத்து கைக்குப் பொருந்துற பிடி, அப்புறம் ட்ரிக்கர், கடைசியாத்தான் குழலோட துல்லியம்.

வாங்குறதுக்கு முன்னால ஒரு டெஸ்ட்

அண்ணனுக்கு நான் சொன்னது இது. கோச் முன்னாலயே பண்ணுங்க. கிளப் பிஸ்டலை மணல் மூட்டை மேல ஊன்றி வச்சு, ஒரே பெட்டித் தோட்டாவுல பத்துப் பத்தா மூணு தடவை சுடச் சொல்லுங்க. மூணு தோட்டாவை வச்சு முடிவு பண்ணாதீங்க. மூணு தோட்டா அதிர்ஷ்டத்துல ஒண்ணா விழும். ஊன்றிச் சுட்டும் பத்து வட்டத்துக்கு வெளிய சிதறினா பிஸ்டல்லயோ தோட்டாவுலயோ கோளாறு. ஊன்றினப்போ நெருக்கமா விழுந்து, ஒத்தக் கையில சிதறினா பிஸ்டல் மேல பழி போட முடியாது.

அடுத்தது, பிடியை மட்டும் அவ கைக்குச் சரி பண்ணிப் பாருங்க. பிஸ்டல் விலையில இது சின்னப் பங்குதான். அப்புறம் தோட்டா இல்லாம ட்ரிக்கர் பயிற்சி. கோச் சொல்ற முறையில, தோட்டாவை வேற ரூம்ல வச்சுட்டு, ரெண்டு தடவை செக் பண்ணிட்டுத்தான். வெள்ளைச் சுவரைப் பார்த்து, விசை விழுறப்போ முன் சைட் நகருதான்னு மட்டும் பார்க்கணும். செலவே இல்லாம கை சிதறலைக் குறைக்கிற வழி இது.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிடறேன். .22-க்கு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் வேணும். 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்குக் கிடையாது. "சும்மா வச்சுக்கங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துடுங்க.

டெஸ்ட் பண்ணிட்டு அண்ணன் மறுபடி பேசினாரு. ஊன்றிச் சுட்டப்போ முப்பதுல ரெண்டே ரெண்டு தோட்டாதான் பத்து வட்டத்தை விட்டு வெளிய போச்சாம். பொண்ணு கொஞ்சம் அழுதுச்சாம், "அப்போ தப்பு என் மேலதானா?"ன்னு. நான் சொன்னேன், "இல்லண்ணே, அது நல்ல சேதி. பிஸ்டல்ல கோளாறுன்னா காசு குடுத்தாத்தான் தீரும். இது அவ கையிலயே தீரும்." மரப்பிடிக்கு மட்டும் ஆர்டர் குடுத்திருக்காங்க. நகை பீரோவுலதான் இருக்கு. ஸ்கோர் ஏறுச்சான்னு ஆறு மாசம் கழிச்சு இதே இடத்துல சொல்றேன்.

உங்க கிட்டயும் இப்படி "கருவியா, கையா"ன்னு ஒரு கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.