டி.வி.யில் தமிழ் பேசும் சோட்டா பீம், புத்தகத்தில் ஏன் ஆங்கிலம் பேசுகிறான்?

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில், குழந்தைகள் புத்தகக் கடை எதிலும் ஒரு குரலாவது கேட்கும்: "அப்பா, சோட்டா பீம் புக் வேணும்ப்பா!" உடனே பதிலும் வரும்: "அதைத்தான் தினமும் டி.வி.யில பார்க்கிறியே, வேற நல்ல புக்கா எடு."

கார்ட்டூனில் இருந்து வந்த படப் புத்தகம் காசுக்குப் பிடித்த கேடா? இல்லை, வாசிப்புக்கு ஒரு வழியா?

எப்போது தொடங்கியது?

மிக்கி மவுஸ் திரைக்கு வந்தது 1928-ல். இரண்டே ஆண்டுகளில், 1930-ல், மிக்கி புத்தகம் வெளியாகிவிட்டது. 1942-ல் அமெரிக்காவில் 25 சென்ட் விலையில் 'லிட்டில் கோல்டன் புக்ஸ்' வரிசை தொடங்கியது. வால்ட் டிஸ்னி கதாபாத்திரங்களும் விரைவில் அதில் இடம்பிடித்தன. படப் புத்தகம் என்றால் வசதியான வீட்டுப் பொருள் என்றிருந்த நிலை அங்கே மாறியதில் இந்த மலிவு வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் ராஜீவ் சிலகாவின் 'சோட்டா பீம்' 2008-ல் போகோ சேனலில் வந்தது. பின்னாலேயே காமிக்ஸ், கதைப் புத்தகம், கலரிங் புக் எல்லாம் வந்தன. எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. 'மோட்டு பட்லு' முதலில் 'லோட்போட்' என்ற இந்திப் பத்திரிகையின் காமிக்ஸ். 2012-ல்தான் அது கார்ட்டூன் ஆனது.

அதே கதைதானே, என்ன வித்தியாசம்?

அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் ஹட்டன் குழுவினர் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு வயதை ஒட்டிய 27 குழந்தைகளுக்குக் கதைகளை மூன்று வகையில் கொடுத்தார்கள்: குரல் மட்டும், குரலுடன் அசையாத படங்கள், அனிமேஷன். அப்போது மூளையில் நடப்பதை ஸ்கேனில் பதிவு செய்தார்கள்.

அனிமேஷன் ஓடும்போது பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பகுதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. ஆனால் மூளையின் பகுதிகளுக்கு இடையேயான தொடர்பு குறைந்தது. கதையைப் புரிந்துகொண்டதும் அதில்தான் குறைவு. குரல் மட்டும் கேட்டபோது குழந்தைகள் சிரமப்பட்டார்கள். படமும் குரலும் சேர்ந்த வகையில்தான் எல்லாம் ஒத்துழைத்தன. சிறிய ஆய்வு என்பதால் இதையே முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் காரணம் எளிதாகப் புரிகிறது.

திரையில் பீம் ஓடுவதை அனிமேஷனே காட்டிவிடுகிறது. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் மரத்தடியில் நிற்கிறான், அடுத்த பக்கத்தில் மலை உச்சியில் இருக்கிறான். நடுவில் ஓடியதைக் குழந்தைதான் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த வேலைதான் வாசிப்பின் முதல் படி.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

எபிசோடின் காட்சிகளை அப்படியே உறையவைத்து, "பிறகு பீம் வந்தான், பிறகு லட்டு தின்றான்" என்று ஒட்டிய புத்தகங்கள் உண்டு. பக்கத்துக்காகவே வரைந்து, எழுதிய புத்தகங்களும் உண்டு. கடையிலேயே மூன்று சோதனை போதும்:

* எழுத்தைக் கையால் மறைத்தால், படத்தை மட்டும் பார்த்துக் குழந்தையால் கதை சொல்ல முடிகிறதா?
* ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தால் காதுக்கு நன்றாக இருக்கிறதா?
* அந்த கார்ட்டூனையே பார்க்காத குழந்தைக்கும் கதை புரியுமா?

மூன்றுக்கும் 'ஆமா' என்றால் தாராளமாக வாங்கலாம்.

தமிழ் எங்கே போச்சு?

உண்மையான சிக்கல் இங்கேதான். 2007-ல் தொடங்கிய சுட்டி டி.வி. வழியாக டோரா தமிழ்நாட்டு வீட்டுப் பிள்ளையானாள். அவளும் குள்ளநரியும் தமிழில்தான் பேசினார்கள். இன்று சோட்டா பீமும் திரையில் தமிழ் பேசுகிறான். ஆனால் கடையில் கிடைக்கும் கார்ட்டூன் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

காரணம் கணக்குதான். கதாபாத்திரத்தைப் பயன்படுத்த உரிமைத்தொகை கட்ட வேண்டும். முழு வண்ண அச்சில் பிரதிகள் கூடக்கூடத்தான் ஒரு புத்தகத்தின் அடக்கவிலை குறையும். ஆங்கிலப் பதிப்பை ஒரே மூச்சில் அச்சிட்டு நாடு முழுக்க விற்கலாம். தமிழ்ப் பதிப்பு தமிழ் வாசகர்களை மட்டுமே நம்பி வர வேண்டும்.

ஆனால், 'தமிழில் விற்காது' என்று சொல்லிவிட முடியாது. மதுரையில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சிவகாசியில், 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி முதல் டெக்ஸ் வில்லர் வரை வெளிநாட்டு நாயகர்கள் உரிய அனுமதியோடு அங்கே தமிழ் பேசினார்கள். அதற்கு அரை நூற்றாண்டாக வாசகர்கள் இருக்கிறார்கள். அச்சகமும் மொழிபெயர்ப்பும் பக்கத்திலேயே இருக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்காக உரிமை வாங்கும் பதிப்பாளர்கள்தான் வேண்டும்.

இதில் இழப்பு யாருக்கு? உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தமிழ்வழியில் படிக்கும் குழந்தைக்கு பீமின் குரல் மனப்பாடம். தமிழ்ப் புத்தகம் கிடைத்தால், தெரிந்த கதையை வைத்தே தெரியாத எழுத்தைக் கூட்டிப் படித்துவிடும். ஆங்கிலப் புத்தகம் கிடைத்தால் படம் பார்த்து மூடிவைக்கும். வாசித்துக்காட்ட வீட்டில் ஆள் இல்லாவிட்டால், அந்தப் புத்தகம் அத்தோடு ஊமை.

பெற்றோர் என்ன செய்யலாம்?

கேட்ட புத்தகத்தை மறுக்க வேண்டாம். ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும் கதையை வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். "இப்ப பீம் எங்க போறான்? நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று நடுநடுவே கேளுங்கள். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். அதில் ஒரு எபிசோடைக் குறைத்தாலே இதற்கு நேரம் கிடைத்துவிடும்.

அடுத்து, பீமிடம் இருந்து மற்ற கதைகளுக்கு அழைத்துப் போங்கள். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை மொபைலிலேயே இலவசமாகப் படிக்கலாம். புத்தகமாகப் புரட்ட வேண்டும் என்றால், 2023 ஜூலையில் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அடுத்த முறை கடையில் பிள்ளை பீமைக் காட்டினால், கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தமிழ்ல இருக்கா?" நிறைய பேர் கேட்டால்தான், யாராவது ஒருவர் அச்சிட முன்வருவார்.