அழற்சி குடல் நோயும் வலிமைப் பயிற்சித் திட்டத் தேர்வும்

அழற்சி குடல் நோய் என்பது முதன்மையாகக் குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டையும் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இரண்டும் நாட்பட்ட நோய்கள். சில மாதங்கள் அடங்கியிருந்து, பின்னர் முன்னறிவிப்பின்றி மீண்டும் தீவிரமடைபவை. இந்நோய் உள்ளவர்கள் எடை தூக்கலாமா, தண்டால் பஸ்கி எடுக்கலாமா என்ற கேள்விக்கு, நோய் அடங்கியிருக்கும் காலத்தில் செய்யலாம் என்பதே இன்று பெரும்பாலும் கிடைக்கும் விடை. எந்தத் திட்டத்தின்படி செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. புழக்கத்தில் உள்ள திட்டங்களில் பல, வாரம் தவறாமல் பயிற்சிக்கு வரக்கூடிய, நன்றாகச் சாப்பிட்டுச் செரிக்கக்கூடிய ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

தசையும் எலும்பும்

நோய் தீவிரமாக இருக்கும்போது மூன்று வழிகளில் தசை குறைகிறது. அழற்சியே தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. வலிக்குப் பயந்து நோயாளி குறைவாக உண்கிறார். உண்டதும் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. இவற்றுடன் மருந்தும் சேர்ந்துகொள்கிறது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் அழற்சியை விரைவாக அடக்கினாலும், நீண்ட நாள் எடுத்தால் தொடை, இடுப்பு, தோள் தசைகளை வலுவிழக்கச் செய்வதோடு எலும்பின் அடர்த்தியையும் குறைக்கின்றன. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவது இதன் எளிய அடையாளம்.

ஆகவே இங்கு வலிமைப் பயிற்சி உடலழகுக்கானது மட்டுமன்று, இழந்ததை மீட்பதற்கானது. பிரித்தானியாவில் நிலையான குரோன் நோயுள்ள 47 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் குதித்தல் பயிற்சியும் வலிமைப் பயிற்சியும் செய்தவர்களின் தசைத் திறன் கூடியது; கீழ் முதுகெலும்பின் அடர்த்தியும் மேம்பட்டது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் அத்தகைய தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும் நம்பிக்கை தருவது.

பிரித்தானியப் படகோட்டி இசுடீவ் ரெட்கிரேவ் 1984 முதல் 2000 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றவர். 1992இல் அவருக்குப் பெருங்குடல் புண் அழற்சி கண்டறியப்பட்டது. இதை எல்லாரும் பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டாகக் கொள்ள முடியாது; நோய் இருப்பதாலேயே வலிமை எட்டாக்கனி ஆகிவிடாது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

திட்டங்களின் கணக்கு

எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1940களில் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமசு டெலோர்ம், காயமடைந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையாக வளர்த்தெடுத்தார். நோயாளிகளுக்காகப் பிறந்த முறை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இன்றைய திட்டங்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அதன் வழித்தோன்றல்களே. எடையை எவ்வளவு விரைவாகக் கூட்டுகின்றன என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

மார்க் ரிப்பிட்டோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' போன்ற தொடக்கநிலைத் திட்டங்களில் வாரம் மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு முறையும் பார்பெல்லில் எடை கூட வேண்டும். ஒரு முறைக்கு 2.5 கிலோ என்று வைத்தால் நான்கு வாரத்தில் 12 பயிற்சிகள், 30 கிலோ. காகிதத்தில் அழகான கணக்கு. ஆனால் இடையில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அதன்பின் என்ன செய்வது என்ற குழப்பத்தில் பலர் விட்ட எடையிலிருந்தே தொடங்கித் தோற்கின்றனர், அல்லது பயிற்சியையே கைவிடுகின்றனர். இவ்வகைத் திட்டங்களைச் சுற்றி, எடை கூடுவதற்காக நாளுக்கு ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் பால் குடிக்கும் பழக்கமும் பரவியது. லாக்டோசு ஒவ்வாத குடலுக்கு இது தண்டனை.

ஜிம் வென்ட்லரின் '5/3/1' திட்டம் மெதுவானது. ஒருவர் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 90 விழுக்காட்டையே அடிப்படையாக வைத்து, மாதச் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் எடையைக் கூட்டுகிறது. தவறிய நாள்களை இது ஓரளவு தாங்கும்.

நாட்பட்ட நோயுடையவருக்கு மேலும் பொருத்தமானது, எடையை நாட்காட்டி முடிவு செய்யாமல் அன்றைய உடல்நிலை முடிவு செய்யும் முறை. 'இன்னும் இரண்டு முறை தூக்க முடியும்' என்ற நிலையில் ஒவ்வொரு செட்டையும் நிறுத்துவது இதன் விதி. நல்ல நாளில் அந்த நிலை 50 கிலோவில் வரும். தூக்கமின்றி நான்கு முறை கழிப்பறைக்கு எழுந்த இரவுக்கு மறுநாள் 35 கிலோவிலேயே வந்துவிடும். இரண்டும் முழுமையான பயிற்சிகளே. உலக சுகாதார அமைப்பு வயது வந்தோருக்குப் பரிந்துரைப்பது வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசை வலுவூட்டும் பயிற்சி. எனவே முழு உடலுக்குமான இரண்டு நாள் திட்டம் குறைவானதன்று. ஒரு நாளைக்கு ஓர் உடற்பகுதி என்று பிரிக்கும் ஐந்து நாள் திட்டத்தில் ஒரு நாள் தவறினால், அந்தப் பகுதிக்கு அந்த வாரம் பயிற்சியே இல்லாமல் போகும்.

இடைவெளிக்குப் பிறகு

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'மூன்று வாரம் படுத்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?' என்பது. இதற்கு விடை நோய் அடங்கியிருக்கும்போதே எழுதி வைக்கப்பட வேண்டும். ஒரு வாரம் தவறினால் பழைய எடையிலேயே, ஆனால் செட்டுகளைக் குறைத்து. மூன்று வாரம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அதாவது 60 கிலோ ஸ்குவாட் எடுத்தவர் 48 கிலோவில். நீண்ட ஸ்டீராய்டு சிகிச்சைக்குப் பின் என்றால் பாதியிலிருந்தோ வெறும் பஸ்கியிலிருந்தோ தொடங்கலாம். காய்ச்சல், இரத்தப்போக்கு, கடும் வலி இருக்கும் நாள்களில் எடைப் பயிற்சி கூடாது.

அடங்கிய காலத்திலும் தீராத களைப்பு இருந்தால் திட்டத்தைக் குறைசொல்லும் முன் இரத்தப் பரிசோதனை தேவை. இரும்புச்சத்துக் குறைபாடு இந்நோயில் மிகவும் பொதுவானது. சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கோ வெட்டி அகற்றப்பட்டவர்களுக்கோ வைட்டமின் பி12 குறையலாம்.

வயிற்றழுத்தமும் நேரமும்

மூச்சைப் பிடித்து டெட்லிஃப்ட் எடுக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. வயிற்றில் செயற்கைத் திறப்பு வைக்கப்பட்டவர்களுக்கு அதன் ஓரத்தில் குடலிறக்கம் வரும் வாய்ப்பு ஏற்கெனவே உண்டு. இவர்கள் கனமான எடைக்குப் பதில் குறைந்த எடையில் கூடுதல் முறை செய்வதும், தூக்கும்போது மூச்சை வெளிவிடுவதும் நல்லது. அறுவைக்குப் பின் எத்தனை வாரம் எடை தூக்கக் கூடாது என்பதை அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும், பயிற்சியாளர் அன்று. சிறுகுடல் திறப்பு உள்ளவர்கள் நீரையும் உப்பையும் விரைவில் இழப்பதால் வெறும் தண்ணீர் போதாது. உப்பு-சர்க்கரைக் கரைசல் வேண்டும்.

பலருக்குக் காலை நேரமே குடலுக்குக் கடினமான நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஜிம் போவதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் இவர்களுக்குப் பொருந்தாது, மாலையே மேல். கழிப்பறை அருகில் உள்ள இடம், அல்லது வீட்டிலேயே ஒரு சோடி டம்பெல் போதும்.

உணவும் மாத்திரையும்

புரதத்தின் தேவை, நோய் தீவிரமாக உள்ளபோது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் எனவும், அடங்கிய காலத்தில் ஏறத்தாழ 1 கிராம் எனவும் ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டிகள் கூறுகின்றன. முட்டை, மீன், கோழி, தயிர் ஆகியவை பலருக்கு ஒத்துக்கொள்ளும். குடல் சுருங்கியிருப்பவர்கள் நிலக்கடலை, சுண்டல் போன்றவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். புரதப் பொடிகளில் 'வே கான்சன்ட்ரேட்' வகையில் லாக்டோசு கூடுதல். 'ஐசொலேட்' வகையில் குறைவு. புரத பார்களில் சேர்க்கப்படும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் நலமான குடலையே கலக்கக்கூடியவை.

பயிற்சிக்குப் பின் உடல்வலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்வகை மாத்திரைகள் அடங்கிய நோயை மீண்டும் கிளப்பிவிடலாம் என்பதால் இந்நோயாளிகளுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. வலி நீக்கி தேவையானால் மருத்துவர்கள் பாராசிட்டமாலையே முதலில் பரிந்துரைக்கின்றனர்.