சேரனின் குரலுக்குப் பின்னால் இருந்த வாசிப்பு

ஈழத்துக் கவிதை என்றதும் பலரும் போரிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தக் கவிஞர்கள் எதை வாசித்து வளர்ந்தார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. அளவெட்டியில் 1960இல் பிறந்த கவிஞர் சேரனின் கவிதைகளில் இரண்டு வாசிப்புகளின் தடத்தைக் காணலாம்.

முதலாவது வீட்டிலேயே இருந்தது. அவருடைய தந்தை மஹாகவி (து. உருத்திரமூர்த்தி), யாப்பைக் கைவிடாமலே பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர். ஆங்கில லிமரிக் வடிவத்தைக் 'குறும்பா' ஆக்கியவரும் அவரே. 1971இல் மஹாகவி காலமானபோது சேரன் சிறுவன். தந்தையைக் கவிஞராக முழுமையாக அறிந்துகொள்ள எஞ்சியிருந்தவை அவர் எழுத்துகளே. அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தவர் எம்.ஏ. நுஃமான்.

இரண்டாவது வாசிப்பும் நுஃமான் வழியாகவே வந்தது. அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வெளியானது. நிலம், வீடு, சிறை, நாடிழப்பு ஆகியவற்றை மஹ்மூத் தர்வீஷ் போன்றோர் கோஷமில்லாமல், அன்றாடச் சொற்களில் எழுதியிருந்தார்கள். அரசியலைத் தன் குரலில், தணிந்த தொனியில் சொல்லலாம் என்பதை ஈழத்து இளைஞர்கள் அதில் கண்டார்கள்.

அதே ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. நுஃமான் அதை 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையாக்கினார். சேரனின் முதல் தொகுப்பான 'இரண்டாவது சூரிய உதயம்' 1983இல் வந்தது. தலைப்புக் கவிதை நகரம் எரிந்த அந்த நாட்களைப் பேசுகிறது. வீட்டில் கிடைத்த பேச்சோசையும் பலஸ்தீனத்திலிருந்து வந்த தொனியும் அங்கே ஒன்றாகக் கேட்கின்றன. அதை நகல் என்று சொல்ல முடியாது. எரிந்தது அவருடைய சொந்த ஊர்; தெருக்களும் கடற்கரையும் அவருடையவை.

இழப்பு யாழ் நகரோடு நிற்கவில்லை. 1984இல் வடமராட்சியில், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் நூலகமும் தீக்கிரையானது. அடுத்த ஆண்டே, சேரன், அ. யேசுராசா, இ. பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 31 கவிஞர்கள் ஒரே நூலில் சேர்ந்தார்கள். அடுத்து எழுத வந்தவர்களுக்கு அதுவே வாசிப்பு நூலானது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை இன்று இலவசமாக வாசிக்கலாம். பருத்தித்துறையில் இருக்கும் ஒரு மாணவிக்குக் கைத்தொலைபேசி போதும். ஒரு தலைமுறையின் கவிதையைக் காப்பது என்றால், அது வாசித்த நூல்களையும் சேர்த்துக் காப்பதுதான்.