முத்துச்சரம் போல ஒரு ஸ்கேன் படம்

எங்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு சுமார் 10 பாகம், அதாவது 18 மீட்டர் ஆழம் வரை இறங்கினார்கள். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்று விசைப்படகுக்காரர் கடலில் இறங்காமலே ஆழத்தை அறிகிறார். படகின் அடியிலுள்ள கருவி அனுப்பும் ஒலித்துடிப்பு, கடலடித் தரையில் பட்டு எதிரொலியாகத் திரும்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். அப்படியானால் 18 மீட்டர் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும்? 0.024 நொடி!

உடலுக்குள் பார்க்கவும் இதே எதிரொலிதான் உதவுகிறது. உலோகத்தில் விரிசல் காணும் கருவியை நோயாளிகளின் வயிற்றில் வைத்து ஆராய்ந்த கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவர் அயன் டொனால்டு, 1958-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். உடலுக்குள் அனுப்புவது நம் காதுக்கு எட்டாத கேளா ஒலி. அதிர்வெண் 35 லட்சம் ஹெர்ட்சு எனில், தசையில் அதன் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே சில மில்லிமீட்டர் அளவுள்ள பொருளும் தெரியும்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி ஸ்கேன் படம் ஒன்றை நீட்டி, "மேடம், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்காம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்" என்றாள். வயது 17. படத்தில் சாம்பல் நிறச் சினைப்பை; அதன் ஓரமாகக் கறுப்பு வட்டங்கள், கோத்த முத்துகளைப் போல. டாக்டர்களும் இதை 'முத்துச்சரம்' என்றே சொல்வதுண்டு.

கறுப்பாக இருப்பானேன்? இரு வேறு ஊடகங்கள் சந்திக்கும் இடத்தில்தான் எதிரொலி எழும். ஒரே சீரான நீரில் எழாது. எனவே ஒவ்வொரு கறுப்பு வட்டமும் ஒரு நீர்ப்பை. (ஸ்கேனுக்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதற்காகவே. குடலிலுள்ள காற்று ஒலியைத் தடுத்துவிடும். நிறைந்த சிறுநீர்ப்பையோ சன்னலாக உதவும்.)

ஆனால் இவை கட்டிகள் அல்ல! பெயர்தான் தவறான பெயர். ஒவ்வொரு பையிலும் ஒரு சினைமுட்டை உண்டு. மாதந்தோறும் பல பைகள் வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று சுமார் 20 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளிவிடும். இந்தக் கோளாறில் பைகள் 2 முதல் 9 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடுகின்றன.

நிற்கக் காரணம் என்ன? திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னே கொண்டுபோனால் 'ஊய்' என்று ஊளையிடும் அல்லவா? வெளிவந்த ஒலியே மீண்டும் உள்ளே புகுந்து பெருகுகிறது. இங்கும் அப்படித்தான். பலருக்கு உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் இன்சுலின் அதிகம் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்ட, ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் கூடுகிறது. அதனால் முட்டை முதிர்வது தடைப்படுகிறது. முட்டை வெளிவராவிட்டால் புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரக்காது. பிட்யூட்டரிச் சுரப்பியை அடக்கிவைப்பது அதுதான். அடக்குவாரின்றிப் பிட்யூட்டரி மேலும் தூண்ட, ஆண்ட்ரோஜன் இன்னும் கூடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவதும், முகப்பருவும், மோவாயில் முடியும் இதன் விளைவுகள். சிலருக்குப் பின்கழுத்து கறுத்துத் தடிக்கும். அது அழுக்கன்று; தேய்த்தால் போகாது. தேய்க்கச் சொல்லித் திட்டும் வீடுகளை நான் அறிவேன். ஒல்லியானவர்களுக்கும் இக்கோளாறு வரும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுவதால் அலட்சியமும் கூடாது.

1935-ல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைனும் லெவந்தாலும் ஏழு பெண்களிடம் இதை விவரித்தபோது ஸ்கேன் கிடையாது. இன்று ஸ்கேன் இருக்கிறது; அதையே முழுதாக நம்பிவிடுவதில்தான் சிக்கல். வளரும் பெண்களின் சினைப்பையில் இயல்பாகவே நிறைய நீர்ப்பைகள் காணப்படும். ஆகவே பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகும்வரை, இக்கோளாறை முடிவுசெய்ய ஸ்கேனைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டு நெறிகள். முதல் ஆண்டில் மாதவிலக்கு ஒழுங்கின்றி வருவதும் இயல்பே. மூன்றாண்டுகளுக்குப் பிறகும் 35 நாளுக்கு மேல் தள்ளித் தள்ளி வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தைராய்டு முதலிய பிற காரணங்கள் இல்லையென்று உறுதிசெய்த பின்பே அவர் முடிவு சொல்வார்.

என் மாணவி பூப்பெய்தி நான்கே ஆண்டுகள். ஆனால் மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. இரத்தப் பரிசோதனையில் ஆண்ட்ரோஜனும் கூடுதல். ஆக, கோளாறு இருந்தது உண்மை. அதைச் சொன்னது படம் அன்று. "அறுவைச் சிகிச்சை வேண்டாம், பின்னாளில் குழந்தை பெறவும் தடையில்லை, தேவைப்பட்டால் மருந்து உண்டு" என்று டாக்டர் விளக்கிய பிறகே தாயின் அழுகை நின்றது. மகள் மாத்திரையுடன், மாலையில் கடற்கரைச் சாலையில் வேகநடையும் நடக்கிறாள். படத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள். பெயரை மறைத்துவிட்டு, எதிரொலிப் பாடத்தின்போது வகுப்பில் காட்டுகிறேன்.